ஏழு லட்சம் தடவை தப்பாமல் போய்வந்த கை

கேள்வி:

ஐயா, வணக்கம். என் தம்பிக்கு 20 வயது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு அம்பத்தூரில் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாதம் 15,000 சம்பளம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மணிக்கு 500 பீஸ் எடுக்க வேண்டும். 2025 அக்டோபரில் ஒரு நைட் ஷிப்டில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பவர் பிரஸ்ஸில் கை மாட்டி வலது கை ஆள்காட்டி விரலும் நடு விரலும் அடியோடு போய்விட்டன. விரல்களை ஐஸில் போட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நசுங்கிவிட்டது, ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பில்லை கம்பெனியே கட்டியது.

"டைக்குள் (தகட்டை வைத்து அடிக்கும் கீழ் அச்சு) கை வைக்காதே என்று போர்டே மாட்டியிருக்கிறோம், எல்லாம் உன் கவனக்குறைவு" என்கிறார்கள். அந்த மிஷினில் முன்பு இரண்டு பட்டன் இருந்ததாம். ஸ்பீடு வரவில்லை என்று பெடலுக்கு மாற்றிவிட்டார்களாம். தம்பி ஒரு நாள் "பெடலை மிதிக்கவே இல்லக்கா, தானா அடிச்சுது" என்கிறான். மறுநாள் "தூக்கத்துல மிதிச்சிருப்பேனோ, என் தப்புதான்" என்று அழுகிறான். இப்போது கான்ட்ராக்டர் வந்து, ஒன்றரை லட்சம் தருகிறோம், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டால் கார்டு இன்னும் வரவில்லை என்கிறார். ஆனால் சம்பள சிலிப்பில் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள். அவன் செய்தது தப்பா ஐயா? நாங்கள் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துப் போடாதீர்கள். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன், முதலில் இது. கான்ட்ராக்டர் நாளைக்கே பணத்தோடு வந்து நின்றாலும், "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி உள்ள தாளில் தம்பியின் கையெழுத்தோ இடது கைப் பெருவிரல் ரேகையோ விழக்கூடாது. "வீட்டில் கலந்து பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். சண்டை வேண்டாம்.

நான் டை செட்டராக வேலைக்குச் சேர்ந்து, தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராக ஓய்வு பெற்றவன். பவர் பிரஸ்ஸோடு முப்பது வருடத்துக்கு மேல் பழக்கம். நீங்கள் கேட்ட இரண்டில் பத்திரத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. "அவன் செய்தது தப்பா" என்பதற்குத்தான் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 500 பீஸ். சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிப்டுக்குப் பதினொரு மணி நேர ஓட்டம் என்று வைத்தால் 5,500 தடவை அவன் கை டைக்குள் போய் வெளியே வந்திருக்கிறது. மாதம் 26 நாள், ஐந்து மாதம். 7,15,000 தடவை. ஏழு லட்சம் தடவைக்கு மேல் தப்பாமல் போய்வந்த கை அது. அதைக் கவனமில்லாத கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மனிதனாலும் லட்சக்கணக்கான தடவை ஒரே அசைவைப் பிசகில்லாமல் செய்துகொண்டே இருக்க முடியாது. இது பிரஸ் செய்பவருக்கும் தெரியும், அதை வாங்கி மாட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிசகு நேரும் அந்த ஒரு நொடியில் விரலுக்கும், மேலிருந்து இறங்கித் தகட்டை வெட்டும் 'பஞ்ச்' என்ற இரும்பு அச்சுக்கும் நடுவே என்ன இருந்தது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் தம்பி விஷயத்தில் அங்கே இருந்தது ஒரு போர்டு. இறங்கும் அச்சைப் போர்டு தடுக்காது.

அந்த மிஷின் எப்படி ஓடுகிறது என்பது தம்பிக்குத் தெரியும், உங்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் போட்டதுமே பக்கத்தில் இருக்கும் கனமான சக்கரம், அதாவது ஃப்ளைவீல், சுற்ற ஆரம்பித்துவிடும், சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் உள்ளே கீ என்ற இரும்புத் துண்டு விழுந்து ஃப்ளைவீலையும், ராமை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாஃப்டையும் கோத்துவிடும். ராம், அதாவது பஞ்ச் மாட்டிய மேல்பாகம், இறங்கும், பஞ்ச் டைக்குள் போய்த் தகட்டை வெட்டும், மேலே ஏறும். மேலே வந்ததும் கீ விலகும், பிரேக் பிடிக்கும், ராம் நிற்கும். சின்ன ஷாப்களில் இருக்கும் 10, 20, 50 டன் பழைய பிரஸ்களில் பெரும்பாலும் இந்தக் கீ கிளட்ச்தான். இதில் ஒரு கொடுமை உண்டு. கீ ஒருமுறை கோத்துக்கொண்டால் முழுச் சுற்று சுற்றி முடிக்காமல் ராமை நிறுத்தவே முடியாது. காலை எடுத்தாலும் நிற்காது, மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காது. ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இந்த வகை பிரஸ்ஸுக்கு முன்னால் சென்சார் மாட்டியும் பயனில்லை. கை குறுக்கே வந்ததைச் சென்சார் கண்டுகொள்ளும். ராமை நடுவழியில் நிறுத்தும் வழி மிஷினிலேயே கிடையாது. காற்றில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் உள்ள பிரஸ்ஸில்தான் நிறுத்த முடியும். சென்சாரை வாங்கி மாட்டிவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பும் முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இப்போது தம்பி சொன்ன முதல் வாக்குமூலத்துக்கு வருகிறேன். "மிதிக்கவே இல்ல, தானா அடிச்சுது." இதை அவன் உளறியதாக நினைக்காதீர்கள். பிரஸ் ஷாப்பில் இதற்குப் பெயரே உண்டு, "டபுள் அடிக்குது" என்பார்கள். கீயின் விளிம்பு தேய்ந்திருந்தால், அதை விலக்கும் லேட்ச் மழுங்கியிருந்தால், ஸ்பிரிங் ஒடிந்திருந்தால், பிரேக் லைனிங்கில் எண்ணெய் ஏறி வழுக்கினால், மேலே வந்த ராம் நிற்காமல் இன்னொரு சுற்று இறங்கிவிடும். அடித்து முடித்துவிட்டது என்று நம்பி, பீஸை எடுக்கக் கையை உள்ளே விடும் அதே நேரத்தில் இறங்கும். டபுள் அடிக்கும் பிரஸ் பெரும்பாலும் திடீரென்று ஒரு நாள் அப்படி ஆவதில்லை. வாரக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்துக் காட்டும். ஆபரேட்டர்களுக்குத் தெரியும், மெயின்டனன்ஸ்காரருக்குத் தெரியும். "இந்த ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். அந்த மிஷினில் அதற்குமுன் டபுள் அடித்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தம்பியுடன் வேலை செய்த பையன்களிடம் சத்தமில்லாமல் கேட்கச் சொல்லுங்கள்.

"தூக்கத்துல மிதிச்சிருப்பேனோ" என்ற இரண்டாவது பேச்சையும் பார்ப்போம். அப்படியே இருக்கட்டும். ஒரு ஷிப்டில் 5,500 தடவை காலைத் தூக்கி வைத்து எடுக்க யாராலும் முடியாது. அதனால் ஆபரேட்டர்கள் பாதத்தைப் பெடல் மேலேயே வைத்திருப்பார்கள், நுனிக்காலால் மட்டும் அழுத்துவார்கள். பீஸ் டையில் ஒட்டிக்கொள்ளும்போது என்ன ஆகும் என்று நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து செய்து பாருங்கள். எட்டாத பொருளை எடுக்கக் கையை நீட்டி முன்னால் சாயுங்கள். குதிகால் எழும்பும், நுனிக்காலில் பாரம் இறங்கும். உடம்பின் அமைப்பே அப்படி. கை உள்ளே போகும் அதே அசைவு காலைக் கீழே அழுத்துகிறது. பெடலுக்கு மேல் ஒரு தகட்டு மூடிகூட இல்லாத இடத்தில் இதைக் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ்ஸில் ராம் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி எடுக்கும். கீழே வர அரை நொடி. ஆபத்தைக் கண் கண்டு, மூளை அறிந்து, கை கிளம்பவே கால் நொடி போய்விடும், அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த ஆளுக்கு. விடியற்காலை ஐந்தரைக்கு, பதினோராவது மணி நேரத்தில், அந்தக் கால் நொடி எவ்வளவு நீளும் என்று யார் சொல்ல முடியும்? உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரத்தில், டார்கெட்டுக்கு இன்னும் பீஸ் பாக்கி இருக்கும் நேரத்தில், கை ஓட்டம் இயந்திரமாகவே ஆகியிருக்கும்.

இதில் சட்டத்தையும் பாருங்கள். தம்பிக்கு அடிபட்ட அக்டோபரில் நடப்பில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் வழக்கமான வேலை; அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெற்றது உங்களுக்கும் நினைவிருக்கும். சட்டம் திரும்பிப் போனது. அம்பத்தூரின் உள்தெருக்களில் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் போகவே இல்லை.

அந்த இரண்டு பட்டன் விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்று வைப்பது எதற்காக? இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் டைக்கு வெளியே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆபரேட்டரின் கவனத்தை நம்பாமல் கையைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அதைக் கழற்றிப் பெடலுக்கு மாற்றச் சொன்ன நிமிடத்திலேயே, யாருடைய விரல், எந்த ஷிப்டில் என்பது மட்டும்தான் பாக்கி. மாற்றச் சொன்னவர் யார், எந்த மாதம், பட்டன் பெட்டி இப்போது எங்கே கிடக்கிறது, இதையெல்லாம் தம்பி மறப்பதற்குள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். இடது கையால் எழுத வராவிட்டால் நீங்கள் எழுதுங்கள்.

பீஸ் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதையும் கேளுங்கள். டை மழுங்கினால், பீஸைக் கழற்றிவிடும் ஸ்டிரிப்பர் ஸ்பிரிங் தளர்ந்தால், எண்ணெய் போதாவிட்டால் பீஸ் சிக்கும். சிக்கியதை எடுக்கக் கை போகும். காந்தக் குச்சியோ நீளமான இடுக்கியோ கொடுத்திருந்தார்களா? டையைச் சுற்றித் தகடு நுழையும் இடுக்கு மட்டும் விட்டு வலைக்கம்பியால் ஒரு தடுப்பு அடித்திருந்தால் விரலே உள்ளே போயிருக்காது. இது பெரிய தொழில்நுட்பம் இல்லை. வெல்டர் ஒருவர் அரை நாளில் செய்துவிடும் வேலை. பிரிட்டனில் 1965லேயே பவர் பிரஸ்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தார்கள்: ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் 4 மணி நேரத்துக்குள், டை மாற்றிய பிறகும், பயிற்சி பெற்ற ஒருவர் தடுப்பைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அறுபது வருடமாக உலகத்துக்குத் தெரிந்த வழி. நம் சட்டத்திலும் ஆபத்தான இயந்திரப் பகுதியை மறைப்பது முதலாளியின் கடமை என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அந்தச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக வைக்க வேண்டியிருந்தது 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில்தான். முப்பது பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில், தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்று ஒரு ஆள் கிடையாது. கார் கம்பெனியின் பெரிய ஆலை வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண்ணிக் காட்டும் பலகை இருக்கும். அந்தக் காருக்கான சின்னச் சின்னத் தகடுகளை அடித்துத் தருபவர்களின் விரல்கள் அந்தப் பலகையின் கணக்கில் வருவதில்லை. குருகிராம், மானேசர் பக்கம் ஸேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு கை நசுங்கிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. பெற உதவியிருக்கிறது. அவர்கள் வெளியிடும் விவரங்களைப் படித்தால் உங்கள் கடிதத்தில் உள்ள அதே கதைதான்: பவர் பிரஸ், கான்ட்ராக்ட் ஆள், நீளமான ஷிப்ட், விபத்துக்குப் பிறகு வரும் இ.எஸ்.ஐ. கார்டு.

"கவனக்குறைவு" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹைன்ரிச் என்பவர் 1931இல், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நடக்கின்றன என்று எழுதினார். அவர் பார்த்தது பெரும்பாலும் மேற்பார்வையாளர்களும் நிர்வாகமும் எழுதிக் கொடுத்த விபத்து அறிக்கைகள். அடிபட்டவனிடம் கேட்டு எழுதியவை அல்ல. பிற்காலத்தில் பாதுகாப்புத் துறையினரே அந்த எண்ணைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் அது பயிற்சி வகுப்புகளில் இன்றும் ஓதப்படுகிறது.

நானும் அதை நம்பியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆபரேட்டரின் கட்டை விரல் போன விபத்துக்கு அறிக்கை எழுதும்போது, காரணம் என்ற கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று என் கையாலேயே எழுதினேன். மேலே இருந்தவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. சில மாதம் கழித்து வேறு வேலையாக மெயின்டனன்ஸ் நோட்டைப் புரட்டியபோது, அதே பிரஸ் டபுள் அடிப்பதாக விபத்துக்கு முன் மூன்று தடவை எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதற்குள் அந்த மனிதர் ஊருக்குப் போய்விட்டார். அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று சொன்னேன். முடிந்த கோப்பு என்றார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை எந்த அறிக்கையிலும் நான் எழுதியதில்லை. உங்கள் தம்பி தன்னைப் பற்றி அதைச் சொல்கிறான் என்று படித்ததும் அந்த மனிதர் முகம்தான் வந்தது.

இப்போது பத்திரத்தைப் பற்றி. சம்பள சிலிப்பில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அதுவே உங்கள் கையில் உள்ள பெரிய சாட்சி. பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார். வேலையில் நேரும் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை. முதலாளி சந்தாவைக் கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளிக்குச் சேர வேண்டியதை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு முதலில் அந்தக் கம்பெனிக்கே. ஆகவே "கார்டு வரவில்லை" என்பது பதிலே இல்லை.

அவர்கள் சொல்லும் கவனக்குறைவுக்கும் இங்கே இடமில்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51பி பிரிவு, கம்பெனி உத்தரவை மீறி ஒருவர் நடந்திருந்தாலும், அவர் செய்தது கம்பெனி வேலைக்காகத்தான் என்றால் அதை வேலை விபத்தாகவே கொள்ள வேண்டும் என்கிறது. சிக்கிய பீஸை எடுத்தது யாருக்காக? தம்பி தனக்காக எடுக்கவில்லை.

கையில் கிடைப்பது எவ்வளவு என்று தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். காயம் ஆறும்வரை நாள் சம்பளத்தில் 90 சதவீதம். பிறகு மருத்துவக் குழு இழப்பைக் கணக்கிடும். ஒரே கையில் இரண்டு விரல் முழுதாகப் போனால் அட்டவணைப்படி 20 சதவீதம். நாள் கூலி 500 என்றால் அதில் 90 சதவீதம் 450, அதில் 20 சதவீதம் 90 ரூபாய். மாதம் 2,700, ஆயுள் முழுக்க. அதையும் அவ்வப்போது உயர்த்துவார்கள். கான்ட்ராக்டர் நீட்டும் ஒன்றரை லட்சம் இந்தக் கணக்கில் ஐந்து வருடத்துக்குக்கூட வராது. தம்பிக்கு வயது இருபது. மருத்துவக் குழுவின் சதவீதம் குறைவாகப் பட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

ஒருவேளை இ.எஸ்.ஐ.க்குள் வரவில்லை என்று முடிவானால் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதில் 20 வயதுக்கான காரணி 224. 15,000 சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அதை 224ஆல் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 4,03,200 ரூபாய். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு கொடுக்க வேண்டும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. செல்லாத தாள்தானே, கையெழுத்துப் போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். அந்தத் தாளில் "என் கவனக்குறைவால்" என்றும் "நான் பயிற்சிக்கு வந்தவன்" என்றும் இரண்டு வரி கூடவே இருக்கும். நாளை விசாரணையில் அந்த இரண்டு வரிகளோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்துவிட்டன, பழைய சட்டமெல்லாம் போச்சு என்று கான்ட்ராக்டர் குழப்பக்கூடும். விபத்து நடந்தது அதற்கு முன்பு. அன்றைய சட்டம்தான் உங்களுக்கு.

முதல் வேலையாக, அடிபட்ட அன்று சேர்த்த ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள், ஏ.ஆர். காப்பி என்றால் புரியும். எங்கே, எப்படி அடிபட்டது என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். வண்டியில் விழுந்தார் என்று எழுதிவைத்த காகிதங்களை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சம்பள சிலிப், வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், கம்பெனி ஐ.டி. கார்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இருவருமாகப் போங்கள். விபத்தை முதலாளிதான் தெரிவிக்க வேண்டும் என்று காத்திருக்காமல் நீங்களே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். காயம் ஆறும்வரை கிடைக்கும் அந்த 90 சதவீதத்தை, அதாவது தற்காலிக உடலியலாமைப் பணத்தை, பெறும் காலத்தில் அவனை வேலையை விட்டு நீக்கவும் முடியாது. கூடவே ஒரு தொழிற்சங்கத் தோழரை அழைத்துப் போவது நல்லது. அம்பத்தூரில் அதற்குப் பஞ்சமில்லை.

விரலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஸில் நேரடியாகப் போட்டதால்தான் ஒட்ட முடியாமல் போனதோ என்று உங்கள் அம்மா தவிக்கக்கூடும். பஞ்ச் நசுக்கிய விரலில் இரத்தக் குழாய் கிழிந்து சிதைந்திருக்கும். சரியாகக் கொண்டுபோயிருந்தாலும் பல நேரம் ஒட்டுவதில்லை. அந்தப் பாரத்தை யாரும் சுமக்க வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் விரலில் படக்கூடாது, விரல் தண்ணீரில் ஊறவும் கூடாது. விரல் ஒட்டும் வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவும், கோவையில் கங்கா மருத்துவமனையும் இதில் பேர்போனவை.

தம்பியின் கைக்கு இனி பயிற்சி மிக முக்கியம். தழும்பு இறுகிவிட்டால் மீதி விரல்களும் மடங்காது. கட்டைவிரலும் மோதிர விரலும் சேர்ந்து பிடிக்கப் பழக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்வதை ஒரு நாளும் விடக்கூடாது. இல்லாத விரலில் வலிக்கிறது, அரிக்கிறது என்று அவன் சொன்னால் பயப்படாதீர்கள், அது உண்மையான வலி, டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு. இரவில் திடுக்கிட்டு எழுந்தாலோ, பிரஸ் சத்தம் கேட்பதாகச் சொன்னாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபிட்டர் படித்தவன், அளவு பார்க்கும் வேலை, குவாலிட்டி, ஸ்டோர்ஸ் என்று அந்தப் படிப்புக்குள்ளேயே அவனுக்கு வழிகள் இருக்கின்றன. மறுபடி பிரஸ்ஸுக்கே போகச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். அவனே போகிறேன் என்றால் தடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக் கஷ்டத்தில் இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அந்த பிரஸ் இப்போது ஓடுகிறதா? பெடலோடுதானா? அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்? தம்பியின் நண்பர்களிடம் விசாரியுங்கள். ஓடுகிறது என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு புகார் எழுதுங்கள். மிஷின் எந்த வரிசையில் எத்தனையாவது, பட்டனை எப்போது கழற்றினார்கள், டபுள் அடிக்கிறதா, இவ்வளவு போதும். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக்கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. ரகசியமாக வைக்க வேண்டும் என்று புகாரிலும் எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள்.